துருக்கியார் கேட்காத கேள்வி

துருக்கி மொழியில் காலை வணக்கம் சொல்லத் தெரியாமலே அந்த மொழியில் பண்டிதரான மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் மன்னார்த் தீவில், தலைமன்னார் வீதியில், பேசாலைக்குச் சற்று முன்னால் இருந்த எங்கள் உப்புக் கொட்டகையில் மெசின் ஓட்டினார். 'வால்வை மெதுவாகத் திறக்கவும்' என்பதை அவர் துருக்கியில் நித்திரையிலும் சொல்லுவார். 'சாப்பிட்டீர்களா' என்று கேட்க வராது. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்தது. மாதாமாதம் சம்பளத் தாளில் அதைத் தட்டச்சு செய்த நானே அதை மறந்துவிட்டேன். தீவு முழுவதற்கும் அவர் துருக்கியார்.

நான் அங்கே கந்தோரில் கிளாக். கந்தோர் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு மேசை, ஒரு கதிரை, கதவு மூடாத ஓர் அலுமாரி. மற்ற எல்லா இடமும் உப்பு. ஈர உப்பை வாங்கி, காயவைத்து, பொடியாக்கி, பைக்கற்றில் அடைப்பது எங்கள் தொழில். முதலில் வெயிலில்தான் காயவைத்தோம். பிறகு முதலாளி எங்கேயோ விசாரித்து, துருக்கி நாட்டில் யாரோ பாவித்துக் களைத்த ஓர் உலர்த்தும் மெசினைக் கப்பலில் இறக்கினார். பெரிய இரும்பு உருளை ஒன்று, அதற்குக் கீழே நெருப்பு. உருளை சுழலச் சுழல ஈர உப்பு ஒரு பக்கத்தால் போய் மறு பக்கத்தால் பொலபொலவென்று கொட்டும். மெசினோடு தலையணைத் தடிப்பில் ஒரு புத்தகமும் வந்தது. முழுக்க முழுக்கத் துருக்கி.

முதலாளி கைபேசியைப் புத்தகத்தின் மேல் பிடித்தார். கைபேசி தமிழில் சொன்ன முதல் வசனம், 'காப்புறுதி எறிந்தால் உடனே மெசினை நிறுத்தவும்.' முதலாளி பதறிப்போய்க் காப்புறுதி முகவருக்கு அழைப்பு எடுத்தார். அந்த மனிதர் தாங்கள் யாருக்கும் எதையும் எறிவதில்லை என்று சத்தியம் செய்தார். அப்போதுதான் எங்கள் மெசின்காரர், அதுவரை வாய் திறக்காத மனிதர், புத்தகத்தைச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனார்.

இரண்டு கிழமை கழித்து என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். துருக்கியில் காப்புறுதிக்கும் பியூசுக்கும் ஒரே சொல்தானாம். பியூஸ் போய்விட்டால் அவர்கள் 'சிகோர்தா அத்து' என்பார்களாம், அதாவது பியூஸ் எறிந்துவிட்டது. இவ்வளவையும் சொல்லிவிட்டு அவர் போகவில்லை.

"எங்கட பியூஸ் போகுது மிஸ். அவையின்ரை பியூஸ் எறியுது. எதை எறியுது எண்டுதான் எனக்கு விளங்கேல்லை."

எனக்கு இரண்டுமே விளங்கவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அந்த 'எதை' அவரைப் பிடித்துக்கொண்டது. ஒருவன் கல்லை எறிகிறான். அங்கே செய்கிறவன் ஒருவன் இருக்கிறான், கை இருக்கிறது, கல் இருக்கிறது. அதே சொல்லை எடுத்துப் பியூசுக்குச் சொன்னால் செய்கிறவனையும் காணோம், கல்லையும் காணோம். ஏதோ ஒன்று தன்பாட்டில் ஆகிறது, அவ்வளவுதான். ஒரே சொல் இந்த வேலையை விட்டுவிட்டு அந்த வேலைக்கு எப்போது போனது, யாரைக் கேட்டுப் போனது என்பதுதான் அவருடைய விசாரணை. காதில் கைபேசிப் பாடம், கையில் மெசின் புத்தகம், வாயில் முணுமுணுப்பு என்று அவருடைய மத்தியான இடைவேளைகள் போயின.

ஒரு நாள் உருளைக்கு அடியில் உப்பு கட்டிபிடித்து மெசின் முனகியது. அவர் புத்தகத்தைப் புரட்டினார். பிறகு உப்புத் தூசி படிந்த முகத்தோடு கந்தோருக்கு ஓடி வந்தார். புத்தகத்தில் போட்டிருக்கிறதாம், 'திபி துத்து' என்று. திபி என்றால் அடி. துத்து என்றால் பிடித்தது.

"அடி பிடிச்சுது மிஸ். சோறு அடிப்பிடிக்கிறது எண்டு நாங்கள் சொல்லுறமெல்லோ. அவையும் அதைத்தான் சொல்லுகினம், அதே சொல்லிலை."

அன்று முழுக்க அந்த மனிதரின் கால் நிலத்தில் படவில்லை. அடுத்தடுத்த நாட்களில் இன்னும் கொண்டுவந்தார். துருக்கிக்காரனும் மீன் 'பிடிக்கிறான்'. அவனுடைய இரும்பிலும் துரு 'பிடிக்கிறது'. அவனுடைய பாணிலும் பூஞ்சணம் 'பிடிக்கிறது'. இதற்கெல்லாம் அவனுக்கும் ஒரே சொல்தான், எங்களுக்கும் ஒரே சொல்தான். இரண்டு சனத்துக்கும் நடுவில் இவ்வளவு கடலும் மலையும் கிடக்க, பானையின் அடிமட்டும் எப்படி ஒரே மாதிரிப் பிடிக்கிறது என்று அவர் கேட்டார். சிரித்துக்கொண்டேதான் காது கொடுத்திருந்தேன், ஆனால் அன்று இரவு வீட்டில் சோற்றுப் பானையைக் கழுவும்போது எனக்கும் அந்த யோசனை வந்தது. அவருடைய வியாதி தொற்றும் வியாதி.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்ற படகுக்காரர்களையும் அவர் விடவில்லை. மீனை நீங்கள் பிடிக்கிறீர்கள், உங்கள் எஞ்சினில் துருவை யார் பிடிக்கிறது என்று கேட்டார். ஒரு படகுக்காரர், துரு தன்னைவிட நல்ல தொழில்காரன், அதுக்கு வலையும் தேவையில்லை, வாடைக்காற்றும் தடையில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். துருக்கியார் அதை மிகுந்த மரியாதையோடு எழுதிக்கொண்டார்.

'இழு' என்ற சொல்லில்தான் அவருக்கு அடி விழுந்தது. துருக்கிக்காரன் கயிற்றை இழுக்கிறான், அவனுடைய உப்பும் ஈரத்தை இழுக்கிறது. இதுவரைக்கும் எங்களோடு ஒத்துப் போகிறான். பிறகு பார்த்தால் தோய்த்த துணி சுருங்குவதையும் அவன் 'துணி இழுத்தது' என்கிறானாம். அதெப்படி என்று அவருக்கு ஒரு கிழமை நித்திரையில்லை. கடைசியில் தன்னுடைய நல்ல சேட்டு ஒன்றைக் கொதிதண்ணீரில் போட்டு, பக்கத்தில் குந்தியிருந்து பார்த்திருக்கிறார். மறுநாள் அதையே போட்டுக்கொண்டு வந்தார். சேட்டு தொப்புளுக்கு மேலே நின்றது. கைகள் முழங்கைக்கு வந்திருந்தன. அவர் முகத்தில் மட்டும் அப்படி ஒரு திருப்தி. அவன் சொல்வது சரிதான், எல்லாப் பக்கத்தாலும் இழுக்கிறது என்றார்.

ஊரில் பெண்கள் துருக்கி நாடகங்களைக் கண்ணீரோடு பார்க்கிற காலம் அது. மொழிபெயர்த்து வருவதற்கு முன்னமே அடுத்த பகுதியைக் கைபேசியில் எடுத்த சிலர், கதை சொல்லும்படி இவரைப் பிடித்து நடுவில் இருத்தினார்கள். முக்கால் மணித்தியாலம் பார்த்தும் அவருக்கு ஒரு சொல் விளங்கவில்லை. அந்த நாடகத்தில் ஒருவரும் வால்வைத் திறக்கவில்லை. கடைசியில் கதாநாயகியின் தகப்பன் மேசையில் அடித்து எழும்ப, பக்கத்தில் நின்றவன் 'சிகோர்தா' என்று ஏதோ சொன்னான். துருக்கியார் துள்ளி எழும்பி, "இவரின்ரை பியூஸ் போயிட்டுது" என்றார். தகப்பனின் முகத்தைப் பார்த்தால் அது சரியாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து அந்தத் தெருவில் அவருடைய புலமையை யாரும் சந்தேகிக்கவில்லை.

இவ்வளவும் எங்களுக்கு வேடிக்கைதான். கொப்பி வந்த பிறகுதான் துன்பம் தொடங்கியது.

ஒரு பெரிய கொப்பியை வாங்கி, ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் கோடு கிழித்தார். இடது பக்கம் 'செய்தது'. வலது பக்கம் 'ஆனது'. மெசினின் நடத்தையை எழுதத்தான் தொடங்கினார். இன்று எண்ணெய் விட்டேன், இடது பக்கம். இன்று பெல்ட் தளர்ந்தது, வலது பக்கம். பிறகு மனிதர்களும் உள்ளே வரத் தொடங்கினார்கள். தலைமயிர் வெட்டினது இடது பக்கம், நரைத்தது வலது பக்கம். படுத்தது இடது, நித்திரையானது வலது. எழும்பினதை எங்கே போடுவது என்று ஒரு நாள் முழுக்கக் குழம்பினார். தானாக எழும்பினாரா, மனைவி எழுப்பினாரா என்பது அவருக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

கொட்டகையில் யாரும் நிம்மதியாக ஒரு வசனம் பேச முடியாமல் போயிற்று. தேநீர்க் கோப்பை உடைந்துபோயிற்று என்று யாராவது சொன்னால், உப்புக் குவியலுக்குப் பின்னால் இருந்து அவருடைய குரல் வரும். "தானா உடைஞ்சதோ, உடைச்சதோ?" பஸ் பிந்திவிட்டது என்றால், பஸ் பிந்தியதா, நீங்கள் பிந்தினீர்களா? வாசலில் காயப்போட்ட அட்டைப் பெட்டிகளை ரோட்டில் திரிகிற கழுதைகள் தின்றுவிட்டன என்றால், தின்றனவா, தின்ன விட்டீர்களா? எங்களோடு வேலை செய்த ஒரு பொடியனின் கலியாணத்துக்குப் போய், மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, கலியாணம் நடந்ததா, செய்தீர்களா என்று கேட்டார். மாப்பிள்ளை ஒருமுறை மாமனாரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, நடந்தது என்றார்.

சொந்த வீட்டிலும் இதே வேலைதான். சோறு அடிப்பிடித்துவிட்டது என்று மனைவி சொல்ல, பிடித்ததா, பிடிக்க விட்டதா என்று கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு ஒரு கிழமை அவர் மத்தியானத்துக்குப் பாணும் சம்பலும் கடையில் வாங்கிக்கொண்டு வந்தார். எங்களுக்கு அதில் பெரிய சந்தோசம்.

எதற்காக இப்படிச் சனத்தைப் பிடுங்குகிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். அவர் பகிடியாகப் பதில் சொல்லவில்லை.

"சனம் பிழை விட்டால் எல்லாத்தையும் தானா ஆனதாக்கிப் போடும் மிஸ். பாவசங்கீர்த்தனத்திலை மட்டும்தான் நான் செய்தனான் எண்டு சொல்லுது. அதுவும் சாமியாருக்கு முகம் தெரியாத மாதிரி இருந்துகொண்டு."

அன்றைக்கே சோக்கட்டியை எடுத்து, மெசினுக்குப் பின்னால் இருந்த சுவரில் பெரிய எழுத்தில் எழுதினார்: 'மெசின் தானாக ஒன்றும் செய்யாது.' வருகிற போகிற எல்லாருக்கும் அதைக் காட்டினார். முதலாளிக்கு அந்த வசனம் மிகவும் பிடித்திருந்தது, ஏனென்றால் அப்படியென்றால் எதற்கும் ஓர் ஆளைப் பிடிக்கலாம்.

பிடிக்கிற நாளும் வந்தது.

எங்களோடு ராசமணி அக்கா என்று ஒருவர் பைக்கற் கட்டுகிற வேலை செய்தார். கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்து ஊர். விடிய பஸ் ஏறிப் பாலம் தாண்டித் தீவுக்குள் வருவார். புருசன் வயல் செய்கிறவர். குளத்துத் தண்ணீர் வந்து, விதைத்து, வெட்டுகிற வரைக்கும் அந்த வீட்டு அடுப்பு ராசமணி அக்காவின் சம்பளத்தில்தான் எரிந்தது. ஆயுத பூசைக்கு மெசினைக் கழுவித் துடைத்துப் பூச்சூட்டுவது ஒவ்வொரு வருசமும் அவருடைய பொறுப்பு. எங்கள் பங்குச் சுவாமியார் அதே மெசினுக்கு வருசத்தில் ஒரு நாள் தீர்த்தம் தெளிப்பார். அந்தத் துருக்கி மெசினுக்குக் கிடைத்த ஆசீர்வாதம் இங்கே எந்தக் கிறிஸ்தவனுக்கும் சைவக்காரனுக்கும் கிடைத்ததில்லை.

அந்த வருசம் ஆயுத பூசையன்று துருக்கியார் லீவு. மனைவியின் ஆட்களைப் பார்க்க வெள்ளாங்குளம் போயிருந்தார். ராசமணி அக்கா ஈரத்துணியால் மெசினைத் துடைத்து, சக்கரம், கைபிடி, வால்வு எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "மிஸ், நீங்களும் ஒண்டு வையுங்கோவன்" என்று கிண்ணத்தை என் கையில் தந்துவிட்டுத் தேங்காய் எடுக்கப் போனார்.

நான் பேசாலையில் ஒரு கத்தோலிக்க வீட்டில் பிறந்து வளர்ந்தவள். என் வாழ்க்கையில் யாருக்கும் பொட்டு வைத்ததில்லை. மெசினின் முன்பக்கத்தைப் பார்த்தேன். இரண்டு திருகுகள் கண் மாதிரி இருந்தன. அவற்றுக்கு நடுவில், சற்று மேலே, நெற்றி இருக்க வேண்டிய இடத்தில், ரூபாய் நாணயக் குற்றியளவில் ஒரு வட்டக் கண்ணாடி. இதைவிடப் பொருத்தமான இடம் எங்கே கிடைக்கும்? சந்தனத்தைக் குழைத்துத் தாராளமாக ஒன்று வைத்தேன். மேலே குங்குமமும் வைத்தேன். மெசினுக்கு அப்போதுதான் முகம் வந்தது என்று எனக்குள் ஒரு பெருமை.

அடுத்த நாள் மெசின் நெருப்புப் பிடிக்கவில்லை. ஒரு முறை உறுமும், உடனே அணைந்துவிடும்.

துருக்கியார் வந்து கழற்றினார், பூட்டினார். புத்தகத்தைத் தலைகீழாகவும் வாசித்தார். மெசின் அசையவில்லை. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. மாரி தொடங்கிவிட்டால் உப்பு ஈரத்தை இழுக்கும், அனுப்ப வேண்டிய சரக்கு அப்படியே சேறாகும். மூன்றாம் நாள் முதலாளி வந்து நின்றார். மெசின் பழுதாய்ப் போயிற்று என்று யாரோ சொல்ல, அவர் சுவரைக் காட்டினார். தானாக ஒன்றும் செய்யாது என்று நீங்கள்தானே எழுதி வைத்திருக்கிறீர்கள், அப்படியென்றால் பழுதாக்கியது யார் என்று கேட்டார். மெசினைக் கடைசியாகத் தொட்டது ராசமணி அக்கா. தண்ணீர் ஊற்றி உள்ளுக்குள் ஈரம் போக விட்டிருக்கிறார் என்று அவராகவே தீர்த்துவிட்டார். ராசமணி அக்கா தான் துணியால்தான் துடைத்ததாகச் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

"பின்னேரத்துக்குள்ளை மெசின் ஓடாட்டில் நாளைக்கு நீர் வரத் தேவையில்லை" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு முதலாளி சாப்பிடப் போனார்.

ராசமணி அக்கா அழவில்லை. உப்புக் குவியல் பக்கத்தில் குந்தியிருந்து தன்னுடைய இரண்டு கையுறைகளையும் மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். எத்தனை மணி பஸ் இருக்கிறது என்று என்னைக் கேட்டார்.

துருக்கியார் திரும்ப மெசினுக்கு முன்னால் போய்க் குந்தினார். டோச்சைப் பிடிக்கும்படி என்னைக் கூப்பிட்டார். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே பார்த்தார். எண்ணெய் வருகிறது. காற்று வருகிறது. நெருப்பு பற்றுகிறது. பற்றியதும் ஏன் அணைகிறது? இந்த மெசினுக்கு ஒரு கண் இருக்கிறதாம். அது ஒரு கண்ணாடி வழியாக, எதிரே எரிகிற நெருப்பைப் பார்த்துக்கொண்டே இருக்குமாம். நெருப்பு அதன் கண்ணில் படாவிட்டால் ஆபத்து என்று நினைத்துத் தானே எண்ணெயை மூடிவிடுமாம். ஆனால் கண்ணில் என்ன வரப்போகிறது, அது கண்ணாடிக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது என்றார்.

எந்தக் கண்ணாடி என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

அவருக்கு ஏன் அது தெரியவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். மெசின் முழுக்கப் பொட்டு. முப்பது நாற்பது பொட்டுக்கு நடுவில் அதுவும் ஒன்று. அதைவிட, அவரும் என்னைப் போல வேதக்காரர். இன்னொருவர் சாமிக்கு வைத்த பொட்டைத் தொட்டு அழிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. மூன்று நாளாக ஒவ்வொரு பொட்டுக்கும் மரியாதையாக விலகி விலகித்தான் திருகுகளைக் கழற்றியிருக்கிறார்.

நான் சொல்லியிருக்க வேண்டியது இரண்டே சொல். அந்த நேரத்தில் என் வேலை நிரந்தரமாகவில்லை. முதலாளியின் சைக்கிள் மணிச் சத்தத்துக்கே நான் கதிரையை விட்டு எழும்பிவிடுவேன். என் வாயால் வந்தது இதுதான்.

"அண்ணை, உந்தக் கண்ணாடியிலை பொட்டுப் பட்டிட்டுது போலை."

பட்டிட்டுது. எங்கேயோ பறந்து வந்து அதுவாகப் பட்ட மாதிரி.

அவர் நிமிர்ந்து பார்த்தார். டோச் வெளிச்சம் அந்தப் பொட்டில் நின்றது. ராசமணி அக்கா மோதிர விரலால் வைத்த பொட்டுகள் எல்லாம் சின்னச் சின்னதாக, வட்டமாக இருந்தன. இது மட்டும் அகலமாக, ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. பெருவிரலால் வைத்த பொட்டு. பிள்ளைகளின் நெற்றியில் சிலுவை போடுகிற எங்கள் ஆட்களுக்குத்தான் பெருவிரல் முதலில் எழும்பும். அவர் பொட்டைப் பார்த்தார். பிறகு டோச்சைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் மூன்று நாள் குங்குமச் சிவப்பு இன்னும் போகாமல் இருந்தது.

நான் அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். தானா பட்டதோ, வைச்சதோ? கோப்பைக்கும் கழுதைக்கும் மாப்பிள்ளைக்கும் கேட்ட மனிதர். கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன், சத்தியமாகச் சொல்லியிருப்பேன். அவர் கேட்கவில்லை. சாறக்கட்டில் இருந்து கைலேஞ்சியை எடுத்தார். ஒரு முறை சிலுவை போட்டுக்கொண்டார், அது எந்தச் சாமியிடம் மன்னிப்புக் கேட்டதோ தெரியாது. கண்ணாடியைத் துடைத்தார். விசையைத் தட்டினார்.

மெசின் உறுமியது. அணையவில்லை.

சத்தம் கேட்டு முதலாளி சோற்றுக் கையோடு ஓடி வந்தார். ராசமணி அக்காவும் மற்றவர்களும் வந்து சூழ்ந்தார்கள். என்ன பிழை, யார் செய்த பிழை என்று முதலாளி கேட்டார். துருக்கியார் கைலேஞ்சியை மடித்துச் சாறக்கட்டில் செருகினார்.

"ஒருத்தரும் ஒண்டும் செய்யேல்லை முதலாளி. தானா நிண்டது. தானா வெளிக்கிட்டுது."

அவர் வாயில் 'தானா' என்ற சொல் கேள்வியாக அல்லாமல் வந்ததை நாங்கள் யாரும் அதற்கு முன்னர் கேட்டதில்லை. முதலாளி சுவரைக் காட்டினார். அப்ப உது என்ன என்றார்.

"அது நான் எழுதினது பிழை" என்றார் துருக்கியார். அதே கைலேஞ்சியை மறுபடி எடுத்து, சோக்கட்டி எழுத்தை ஒவ்வொன்றாக அழித்தார். ராசமணி அக்கா மடித்து வைத்த கையுறைகளைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.

அதற்குப் பிறகு அவர் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. எத்தனை நாள் எங்களைப் பிடுங்கிய மனிதர், சும்மா விடுவார்களா? அவர் பிந்தி வந்தால், தானா பிந்திச்சுதோ என்பார்கள். அவர் கோப்பையில் தேநீர் ஊற்றும்போது, தானா நிரம்புது என்பார்கள். படகுக்காரர்கள்கூடக் கோயில் வாசலில் வைத்துக் கேட்டார்கள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு சிரிப்பார். அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்திருக்கிறேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

அவருடைய கொப்பி மெசினுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் தொங்கும். யாரும் பார்க்கலாம். அன்று பின்னேரம் எல்லாரும் போன பிறகு நான் போய்ப் பார்த்தேன். 'செய்தது' என்ற பக்கத்தில் 'கண்ணாடி துடைத்தேன்' என்று இருந்தது. 'ஆனது' என்ற பக்கத்தில், அந்த நேரான, உப்புக் கறை பட்ட எழுத்தில் எழுதியிருந்தார்: 'பொட்டுப் பட்டது.' என்னுடைய சொல்லையே எடுத்து எழுதியிருந்தார்.

இப்போது அந்தக் கொட்டகை மூடிவிட்டது. மெசினை யாரோ பிரித்து ஏற்றிக்கொண்டு போனார்கள். ராசமணி அக்கா பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார், எங்கள் நத்தார்ப் பண்டிகைக்கு எனக்குப் பலகாரம் கொடுத்து அனுப்புவார். துருக்கியார் வெள்ளாங்குளத்தில் மனைவியின் காணியைப் பார்க்கிறார். போன மாதம் கைபேசியில் பேசினோம். துருக்கியில் 'மழை பிடித்துக்கொண்டது' என்று சொல்வார்களா என்று தேடுகிறாராம், இன்னும் கிடைக்கவில்லையாம். கொப்பிகள் எல்லாம் பத்திரமாக ஒரு பெட்டிக்குள் இருக்கின்றனவாம்.

இந்தப் பத்திரிகை வெள்ளாங்குளம் கடைக்குப் போகிறது என்று விசாரித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ராசமணி அக்கா, நீங்கள் மன்னிக்க வேண்டும், அன்று நான் வாய் திறக்கவில்லை. அண்ணை, அந்தப் பெட்டியைத் திறந்து, ஆயுத பூசைக்குப் பிறகு வருகிற பக்கத்தைப் பாருங்கோ. வலது பக்கத்திலை நீங்கள் எழுதின வரியை வெட்டிவிட்டு, இடது பக்கத்திலை என்ரை பெயரைப் போட்டு எழுதுங்கோ. பொட்டு நான்தான் வைச்சனான். பெருவிரலாலை.